ஆட்சேபனை இல்லாத தவணை

கேதீஸ்வரி எதையும் முறைப்படி செய்கிறவள். இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை.

அச்சுவேலியில் கூட்டுறவுச் சங்கக்கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறாள். அரைக் கிலோ பருப்பு நிறுத்தாலும் தராசு அசையாமல் நிற்கும்வரை பையைக் கட்ட மாட்டாள். பின்னால் நிற்கிற சனம் புறுபுறுக்கும். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. நாள் பார்க்காமல் புதுச் சீலை உடுத்த மாட்டாள். வாசிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்க மாட்டாள். வயது நாற்பத்தாறு. பேசி வந்த இரண்டு கலியாணத்தையும் சாதகம் பொருந்தவில்லை என்று அவளே திருப்பி அனுப்பினாள் என்று ஊரில் கதை. உண்மையோ பொய்யோ தெரியாது. ஆனால் செய்யக்கூடியவள்தான்.

எனக்கு அவள் பழக்கமானது அவளுடைய தம்பியின் வழக்கால். நான் பத்மாசினி. நீதிமன்றத்துக்கு எதிரே, போட்டோக்கொப்பிக் கடைக்குப் பக்கத்து அறையில் முப்பது வருடமாகத் தட்டச்சு வேலை. முந்தி மெசின், இப்போது கொம்பியூட்டர். மனு, சத்தியக் கடதாசி, நகர்த்தல் பத்திரம் எல்லாம் தட்டுவேன். புத்தி மட்டும் சொல்ல மாட்டேன். ஒருமுறை ஒரு கிழவிக்கு இரக்கப்பட்டு ஏதோ சொல்லப் போய், ஒரு சட்டத்தரணி என் அறை வாசலில் நின்று, “நீர் எந்தச் சட்டக் கல்லூரியிலை படிச்சனீர்?” என்று பத்துப் பேருக்கு முன்னால் கேட்டார். அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டேன். அதைப் பெரிய கெட்டித்தனம் என்றும் நினைத்திருந்தேன்.

வழக்கு இதுதான். மயிலிட்டித் துறைமுகத்துக்குக் கிட்ட இவர்களுடைய தாய் கமலாவதிக்கு நாலு பரப்புக் காணி. சீதனமாக வந்தது. போர்க்காலத்தில் எழும்பி ஓடிய சனத்தை இருபத்தேழு வருடம் இராணுவம் அந்தப் பக்கம் போக விடவில்லை. காணி விடுபட்டதும் கமலாவதி அதை மகன் மயூரதனுக்கு எழுதினார். அச்சுவேலி வீடு மகளுக்கு, கடற்கரைக் காணி கடலுக்குப் போகிற மகனுக்கு என்பது அவருடைய கணக்கு. மயூரதன் பற்றை வெட்டப் போனபோது அங்கே மதில் எழும்பிக்கொண்டிருந்தது. கட்டுவித்தவன் ஜெயசுதன், கமலாவதியின் தமக்கையின் மகன். இரண்டு படகும் ஓர் ஐஸ் அறையும் வைத்திருக்கிறவன். “சின்னம்மா எனக்கு முதலே எழுதித் தந்திட்டா” என்றான்.

மயூரதன் கத்தியோடு போனான். மதில் கட்டிக்கொண்டிருந்த மேசன் ஒருவருக்குக் கையில் வெட்டு விழுந்தது. அந்த மனிதருக்கு இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. மயூரதன் செய்தது பிழை. அதற்கு நியாயம் சொல்ல நான் வரவில்லை. நீதிமன்றம் ஐந்து வருட மறியல் கொடுத்துச் சிறைக்கு அனுப்பியது. அவன் மறியலுக்குள் இருந்துகொண்டே காணிக்காக ஜெயசுதன் மேல் வழக்குப் போட்டான். முதலில் பிடித்த சட்டத்தரணி வெளிநாடு போய்விட்டார். அடுத்தவரோடு ஒத்துவரவில்லை. பிறகு, “நானே கதைக்கிறன்” என்று நின்றுவிட்டான்.

கொப்பித் தாளில் பேனையால் எழுதி அனுப்புவான். மறியலின் நலன்புரி உத்தியோகத்தர் பார்த்து வெளியே விடுவார், கேதீஸ்வரி வாங்கி என்னிடம் கொண்டுவருவாள், நான் தட்டுவேன். அவள் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க, அவன் மூன்று பிரதியிலும் கையெழுத்து வைத்து, மறியல் முத்திரை குத்தி வெளியே வரும். ஒரு தாள் இப்படிப் போய்வர மூன்று கிழமை ஆகும். நீதிமன்றம் நாள் தள்ளிக் கொடுக்கிற தவணையோ ஆறு கிழமை. விசாரணை தொடங்குவதற்கு முன் இரண்டு பக்கமும் தங்கள் சாட்சிகள் யார், ஆவணங்கள் என்ன என்று பட்டியல் கொடுக்க வேண்டும். சொன்ன திகதிக்குள் பட்டியலில் ஏறாத ஆளும் ஏறாத கடதாசியும் பிறகு வழக்கில் இல்லை.

மயூரதனுக்கு இருந்த பெரிய சாட்சி தாய்தான். ஜெயசுதன் தன் மறுமொழியில் 2016இல் கமலாவதி தனக்கு நன்கொடை உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதித் தந்ததாகச் சொல்லியிருந்தான். மயூரதனுடைய உறுதிக்கு முந்திய உறுதி என்றால் அதுதான் வெல்லும். ஆனால் அந்த உறுதியை எவரும் கண்ணால் கண்டதில்லை. இலக்கம் இல்லை, பிரதி இல்லை.

“நான் ஒருத்தனுக்கும் எழுதிக் குடுக்கேல்லை” என்று கமலாவதி என் அறையில் வந்திருந்து சொல்லியிருக்கிறார். “என்னைச் சாட்சிக் கூட்டிலை ஏத்துங்கோ. அவன் முகத்தைப் பாத்துச் சொல்லுறன்.”

வயது எழுபத்தொன்பது. இருதயம் பெருத்துவிட்டது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஒரு சட்டத்தரணி இருந்திருந்தால் அவருடைய சாட்சியத்தை முன்கூட்டியே பதிய வழி பார்த்திருப்பார். மயூரதனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எனக்குத் தெரியும்.

முதல் திகதிக்குள் பட்டியல் மறியலிலிருந்து வெளியே வரவில்லை. மயூரதன் எழும்பி நின்று தவணை கேட்டான். ஜெயசுதனின் சட்டத்தரணி அரைவாசி எழும்பி, “ஆட்சேபனை இல்லை” என்றார். இரண்டாம் முறை, காணியின் பழைய வரைபடம் எடுக்க நாள் வேண்டும் என்று மயூரதன் கேட்டான். அன்றைக்கும் ஆட்சேபனை இல்லை. வழக்காளி தவணை கேட்டால் எதிராளி துள்ளுவதுதான் நான் முப்பது வருடமாகக் கண்டது. இந்த மனிதர் துள்ளவில்லை. வழக்கேட்டின் பிரதியை கேதீஸ்வரி எடுத்து வந்தபோது புரட்டிப் பார்த்தேன். ஜெயசுதன் பக்கத்திலிருந்தும் ஒரு பட்டியலும் வரவில்லை. அவனும் திகதியைப் போகவிட்டுக்கொண்டு சும்மா இருந்தான்.

இதில் ஏதோ இருக்கிறது என்று பட்டது. சொல்லவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஜெயசுதன் அச்சுவேலி வீட்டுக்கு வரத் தொடங்கினான். வழக்குத் தொடங்கியதிலிருந்து அந்த இரண்டு வீட்டுக்கும் நன்மை தின்மை இல்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் விளைமீனோ பாரையோ பையில் கொண்டுவந்து படியில் வைப்பான். கமலாவதி தொடமாட்டார். கேதீஸ்வரி பூனைக்குப் போடுவாள்.

“என்னத்துக்கு வாறான்?” என்று கேட்டேன்.

“சின்னம்மாவுக்கு எப்பிடி எண்டு கேப்பார். டொக்டர் என்ன சொன்னவர், மருந்து கூட்டினவையோ, கிளினிக் எப்ப எண்டு கேப்பார். வேறை ஒண்டும் கதைக்கிறேல்லை அக்கா. மனம் மாறியிட்டுதோ தெரியாது.”

“கிளினிக் கொப்பியையும் பாத்தவனோ?”

“ஓம். வாங்கிப் பாத்தவர்.”

மூன்றாம் முறை நீதிபதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டு பக்கத்துக்கும் மாசி மாதம் இருபதாம் திகதி, வெள்ளிக்கிழமை. அதுதான் கடைசி. இந்த முறை மயூரதன் பிந்தவில்லை. பதினெட்டாம் திகதி புதன்கிழமை கையெழுத்தும் முத்திரையுமாக மூன்று பிரதியும் என் மேசைக்கு வந்துவிட்டன. முதலாம் சாட்சி கமலாவதி, இரண்டாம் சாட்சி கேதீஸ்வரி, மூன்றாவது மயூரதன். ஆவணங்களில் முதலாவது தாய் அவனுக்கு எழுதிய 2018ஆம் ஆண்டு உறுதி. வீதியைக் கடந்தால் பதிவாளர் கந்தோர். ஐந்து நிமிட வேலை.

“வெள்ளி காலமை குடுக்கிறன் அக்கா” என்றாள் கேதீஸ்வரி. “இண்டைக்கும் நாளைக்கும் நாள் சரியில்லை. உறுதியும் சாமியறையிலை இருக்கு. இதையும் கொண்டுபோய் வைச்சு, வெள்ளி விடிய விளக்குக் கொளுத்திப்போட்டு, எல்லாத்தையும் ஒண்டாக் கொண்டுவாறன்.”

உறுதி தேவையில்லை. பட்டியலில் அதன் இலக்கம் இருந்தால் போதும். அது எனக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இரண்டு பிரதியைக் கொண்டுபோனாள். மூன்றாவது பிரதி என் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

வியாழன் விடியப்புறம் கமலாவதி போய்விட்டார்.

வெள்ளி காலை செத்தவீட்டுக்குப் போனேன். படலையில் மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. கலரில், பெரிய படத்தோடு, நல்ல வடிவாக அடித்திருந்தார்கள். மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும் அச்சுவேலியை வதிவிடமாகவும் கொண்ட கமலாவதி, காலஞ்சென்ற கந்தப்புவின் அன்பு மனைவியும், ஜெயசுதன், கேதீஸ்வரி ஆகியோரின் பாசமிகு தாயாரும் என்று இருந்தது. நான் திரும்பவும் வாசித்தேன். மயூரதனின் பெயர் எங்கும் இல்லை.

கேதீஸ்வரி அழுது முகம் வீங்கிப்போய் இருந்தாள். காதருகே குனிந்து, “தம்பியின்ரை பேர் எங்கை?” என்றேன்.

“மறியலிலை இருக்கிறவனை என்னெண்டு அக்கா போடுறது? பேரைப் போட்டா ஆள் எங்கை எண்டு சனம் கேக்கும். ஜெயசுதனண்ணைதான் அடிப்பிச்சவர். பெறாமகனும் மகன்தானே எண்டார். போனிலை எனக்கு அனுப்பி, நான் வாசிச்சு ஓம் எண்டு போட்ட பிறகுதான் அடிச்சது.”

“தம்பியைக் கொண்டுவரக் கேக்கேல்லையே? செத்தவீட்டுக்கு விடுவினமே.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. “விலங்கோடை வந்து முத்தத்திலை நிண்டா அம்மாவின்ரை ஆத்துமா சாந்தியடையுமோ எண்டு அண்ணை கேட்டார். எனக்கும் அது சரியாத்தான் பட்டுது. கேட்டுப் பாத்தன், விடேல்லை எண்டு தம்பிக்குச் சொல்லிவிட்டன்.”

முற்றத்தில் கிரியை நடந்துகொண்டிருந்தது. ஈர வேட்டியும் விரலில் தருப்பையுமாக ஜெயசுதன் ஐயர் சொன்னதையெல்லாம் பிழையில்லாமல் செய்தான். அழவும் செய்தான். பாடை எழும்பியபோது கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். யாரோ ஒரு பெடியன் போனில் படமெடுத்துக்கொண்டே போனான். இந்தக் காலத்தில் செத்தவீட்டில் படமெடுப்பது புதினமில்லை, கனடாவுக்கு அனுப்புவார்கள். ஆனால் அவன் கமலாவதியை எடுக்கவில்லை. ஜெயசுதனைத்தான் எடுத்தான்.

என் அறைக்குத் திரும்பும்போது இரண்டரை மணி. லாச்சியைத் திறந்தேன். மூன்றாம் பிரதி அப்படியே கிடந்தது, மயூரதனின் கையெழுத்தும் முத்திரையுமாக. பதிவாளர் கந்தோரில் யார் கொண்டுபோய் நீட்டினாலும் வாங்குவார்கள். நாலு மணிக்குப் பூட்டுவார்கள். தாளைக் கையில் எடுத்தேன். பிறகு யோசித்தேன். முதலாம் சாட்சி செத்துப்போனார், அந்தப் பேரோடு எப்படிக் கொடுப்பது? கேட்காமல் கொடுத்து ஏதும் பிழைத்தால் யார் பொறுப்பு? தாய் செத்ததற்கு நீதிமன்றம் தவணை தராமலா போகும்? அந்தச் சட்டத்தரணியின் குரல் காதில் கேட்டது. தாளைத் திரும்ப வைத்து லாச்சியைச் சாத்தினேன்.

திங்கட்கிழமை கேதீஸ்வரி வந்தாள். உள்ளே வரவில்லை. செத்தவீட்டுத் தீட்டு, துடக்கு என்று வாசலிலேயே நின்றாள். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

“சாமியறை பூட்டியாச்சு அக்கா. முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் நான் போகேலாது. பட்டியலும் உறுதியும் அதுக்குள்ளைதான். தம்பிக்குச் சொல்லிவிட்டன், புதன்கிழமை வழக்கு கூப்பிடேக்கை தவணை கேக்கச் சொல்லி.”

“என்னட்டை ஒரு பிரதி கிடக்கு” என்றேன். அப்போது சொல்லி என்ன பிரயோசனம்? வெள்ளிக்கிழமை போய்விட்டது.

புதன்கிழமை நான் மன்றுக்குள் போய்ப் பின்வாங்கில் இருந்தேன். மயூரதன் நாலு நாள் தாடியோடு கூட்டுக்குள் நின்றான். தாய் செத்ததைச் சொல்லி, முப்பத்தொரு நாள் துடக்கு என்றும் சொல்லி, தவணை கேட்டான். நீதிபதி பேனையை வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். நல்ல மனிதர். எதிராளி தரப்பு என்ன சொல்கிறது என்று கேட்டார்.

அன்றைக்குச் சட்டத்தரணி அரைவாசி எழும்பவில்லை, முழுதாக எழும்பி நின்றார். “ஆட்சேபனை இல்லை. காலமானவர் எனது கட்சிக்காரருக்கும் தாய் போன்றவர். கொள்ளி வைத்தவர் அவர்தான். அவரும் அதே துடக்கில் இருக்கிறார்” என்றார்.

மயூரதன் சட்டென்று தலையைத் திருப்பி ஜெயசுதனைப் பார்த்தான். கொள்ளி வைத்தது யார் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஜெயசுதன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நீதிபதி எழுதினார். இரு தரப்பினருக்கும் பங்குனி முப்பத்தோராம் திகதி வரை தவணை.

இரு தரப்பினருக்கும். அதைக் கேட்டபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. வெள்ளிக்கிழமை நாலு மணியோடு ஜெயசுதனின் கதவும் பூட்டியிருந்தது. தாய் உயிரோடு இருக்கும்வரை அந்த உறுதியைப் பட்டியலில் ஏற்ற அவனுக்குத் தைரியம் இல்லை, செத்த பிறகு நேரம் இல்லை. அந்தக் கதவை மயூரதன் தன் வாயாலேயே திறந்துவிட்டான். என் லாச்சியிலிருந்த தாளை நான் வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் அவனுக்குக் கேட்க வேண்டியே வந்திராது. இதை நினைத்து நான் பல நாள் சாப்பாடு இறங்காமல் இருந்திருக்கிறேன்.

துடக்கு எல்லாம் கேதீஸ்வரிக்குத்தான். கொள்ளி வைத்தவன் எட்டாம் நாள் சடங்கு முடிந்த கையோடு பட்டியலைக் கொடுத்துவிட்டான். 2016ஆம் ஆண்டு நன்கொடை உறுதி, இப்போது இலக்கத்தோடு. முடித்த நொத்தாரிசு காலமாகிவிட்டார். ஒப்பமிட்ட சாட்சிகளில் ஒருவர் செத்துப்போனார், மற்றவர் கனடாவில். ‘என்னை மகனாக நின்று பராமரித்த’ என்று உறுதியில் வாசகம். அதற்குச் சாட்சியம்போல அடுத்த ஆவணங்கள்: கொள்ளிச்சட்டியோடு ஜெயசுதன் நடக்கும் படம், மரண அறிவித்தல், அதை வாசித்து கேதீஸ்வரி போனில் அனுப்பிய ‘ஓம்’. வழக்காளி தனக்காகத் தானே கதைப்பதால் பிரதி பதிவுத் தபாலில் நேரே மறியலுக்குப் போனது.

அந்தியேட்டி முடிந்து மூன்றாம் நாள் கேதீஸ்வரி வந்தாள். இப்போது உள்ளே வந்து கதிரையில் இருந்தாள். கைப்பையிலிருந்து மடித்த கொப்பித் தாள் ஒன்றை எடுத்தாள்.

“உங்களுக்குத்தானாம் அக்கா. நான் பிரிச்சுப் பாக்கேல்லை.”

பிரித்தேன். பேனை அழுத்தி எழுதிய எழுத்து. நான் மனதுக்குள் வாசித்துக்கொண்டு போக, அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சத்தமா வாசியுங்கோ” என்றாள்.

“பிறகு வாசிப்பம்.”

“வாசியுங்கோ அக்கா.”

வாசித்தேன்.

“பத்மாசினி அக்கா, பட்டியலை மாத்தி அடிக்க வேணும். அம்மாவின்ரை பேரை வெட்டவும். கேதீஸ்வரி அக்காவின்ரை பேரையும் வெட்டவும். அவவை ஏத்தினா ஜெயசுதன்ரை சட்டத்தரணி அறிவித்தலைக் காட்டி, இதுக்கு நீர் ஓம் எண்டனீரோ எண்டு கேப்பார். அக்கா ஒருநாளும் பொய் சொல்லாதவ. ஓம் எண்டுதான் சொல்லுவா. அதோடை காணி போயிடும். என்ரை பேரை வெட்டினது அவன்தான். அக்கா அந்தக் குழப்பத்திலை வாசியாமல் ஓம் எண்டு போட்டிருப்பா. அவவிலை பிழையில்லை. செத்தவீட்டுக்கு என்னை விடச் சொல்லி எத்தினை கந்தோர் ஏறி இறங்கினாவோ தெரியாது, பாவம். இதை அவவுக்குக் காட்ட வேண்டாம்.”

வெளியே மினிபஸ்காரன் பருத்தித்துறை, பருத்தித்துறை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அவள் மேல் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தன. அதைவிடக் கூடிய கோபம் என் மேல் வந்தது. அவள் அழவில்லை. சீலைத் தலைப்பை எடுத்து மடியில் வைத்து, மடிப்புக் கலையாமல் நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தாள்.

“அடியுங்கோ அக்கா” என்றாள்.

“உன்னை வெட்டினா அவனுக்கு ஆர் சாட்சி? தான் ஒருத்தன்தான்.”

“அவன் சொன்னபடி அடியுங்கோ.”

அடித்தேன். சாட்சிப் பட்டியல் என்று தலைப்பு. அதன் கீழே, ஒன்று, கந்தப்பு மயூரதன், வழக்காளி. ஒரு வரியோடு முடிந்துவிட்டது. மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தேன். அவள் முழுதையும் வாசித்தாள், ஒரு எழுத்து விடாமல்.

“இனித் தாமதிச்சா பங்குனி முப்பத்தொண்டு தாண்டியிடும்” என்றேன். புத்தி சொல்வதில்லை என்ற வைராக்கியத்தை நான் விட்டது அன்றைக்குத்தான். “நலன்புரிக்காரரிட்டைக் குடுத்துப்போட்டு நிக்காதை. நீயே கையிலை கொண்டுபோ.”

“நாளைக்கு மறியலிலை பார்வை நாள். நான்தான் கொண்டுபோறன்.”

“நாளைக்கு நாள் எப்பிடி?”

“பாக்கேல்லை அக்கா.”

தாள்களைப் பைக்குள் வைத்து எழும்பினாள். வாசலில் செருப்பைப் போட்டபடி நின்றாள். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

“நீ வாசிச்சுத்தான் ஓம் போட்டதை அவனுக்குச் சொல்லுவியோ?”

“கூட்டிலை ஏத்திக் கேட்டா ஓம் எண்டுதானே சொல்லியிருப்பன்” என்றாள். “அவனிட்டையும் அப்பிடித்தான்.”